இல்லாததையும் கேட்டுச் சோதியுங்கள்

‘அன்புள்ள அன்டிஃபைன்ட், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்று தொடங்கும் மின்னஞ்சலைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். கட்டணம் கட்டும் தளத்தில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘நேன்’ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். சிரிப்பதற்கு வழியில்லாத வகையும் ஒன்று உண்டு: பொத்தானை அழுத்தினால் பக்கம் அப்படியே உறைந்துவிடும், என்ன ஆயிற்று என்று திரை எதுவும் சொல்லாது. இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இணையத்தின் பொதுமொழியாகிவிட்ட ஜாவாஸ்கிரிப்ட், தன்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அந்த இடம்.

அந்த மொழியில் ஒரு நபரைப் பற்றிய விவரங்களை ஒரே கட்டாக வைத்துக்கொள்ளலாம்: பெயர், ஊர், பின்கோடு, கைப்பேசி எண். கட்டுக்கு ‘ஆப்ஜெக்ட்’ என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு விவரமும் ஒரு ‘பிராபர்ட்டி’. கட்டின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ‘ஊர்’ என்று எழுதினால் ஊர் கிடைக்கும். ஊர் என்ற விவரமே அந்தக் கட்டில் இல்லையென்றால்? பைத்தான் மொழி அந்த இடத்திலேயே பிழை என்று கத்தி நிரலை நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் கத்தாது. ‘அன்டிஃபைன்ட்’ என்ற மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த மதிப்பை வாசகத்தோடு ஒட்டினால் ‘அன்புள்ள அன்டிஃபைன்ட்’. எண்ணால் பெருக்கினால் ‘நேன்’, அதாவது ‘எண் அல்ல’. அதற்குள் இன்னொரு விவரத்தைத் தேடினால், அப்போதுதான் பிழை வெடிக்கும், பக்கம் உறையும்.

கோளாறு ஒரு வரியில் நடக்கிறது, அலறல் வேறொரு வரியில் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே பல நூறு வரிகள் இருக்கலாம். இணையதளங்களின் பிழைகளைத் திரட்டித் தரும் ரோல்பார் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களின் பதிவுகளை அலசி 2018-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளில் முதலிடம் பிடித்தது, இல்லாத ஒன்றின் பிராபர்ட்டியைப் படிக்க முடியவில்லை என்ற இதே பிழைதான்.

எழுதுவதிலும் அதே மௌனம் உண்டு. ‘முகவரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஓரெழுத்து பிசகி ‘முகவாி’ என்று எழுதிவிட்டால், அப்படியொரு விவரம் கிடையாதே என்று மொழி கேட்காது. புதிதாக ஒன்றை உருவாக்கி அதில் போட்டு வைத்துவிடும். பழைய முகவரி அப்படியே இருக்கும். திருத்தியாகிவிட்டது என்று வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் போய்விடும்.

இதைப் பார்க்கும் யாருக்கும் மொழியை வடிவமைத்தவர்மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம்.

பத்து நாளில் பிறந்தது: நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிரெண்டன் ஐக், 1995 மே மாதத்தில் பத்து நாள்களில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். பிழை வந்தால் பிடித்துச் சமாளிக்கும் ‘டிரை-கேட்ச்’ வசதி அதில் இல்லை. மொழியின் தர ஆவணத்தில் அது சேர்ந்தது 1999-இல், மூன்றாம் பதிப்பில். பிடிக்க ஆளில்லாத நிலையில் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் பிழையை எறிந்தால், அரைகுறையாகக் கற்றுக்கொண்டு பக்கம் வடிவமைக்கும் எவராலும் எதையும் ஓட வைத்திருக்க முடியாது. ‘அன்டிஃபைன்ட்’ என்ற மெத்தனமான பதில் அந்தச் சூழலுக்குப் பொருந்தியது.

அந்த மெத்தனம் நன்மையும் செய்தது. ஒரு பிரவுசரில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது. புதிய போனில் இருப்பது பழைய போனில் இருக்காது. ‘இருப்பிடம் கண்டறியும் வசதி உன்னிடம் உண்டா?’ என்று நிரல் கேட்கும். இல்லையென்றால் ‘அன்டிஃபைன்ட்’ வரும். சரி, முகவரியைக் கையால் நிரப்பச் சொல்லலாம் என்று நிரல் வழி மாறிக்கொள்ளும். இல்லாததைக் கேட்டதற்காக மொழி பிழையை எறிந்திருந்தால், பழைய பிரவுசர்களையும் அரவணைத்துக்கொண்டு இணையம் இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பது கடினம். எனவே, மௌனத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. மௌனம் இருக்கிறது என்று தெரிந்தும் அதைச் சோதிக்காமல் தளத்தைத் திறந்துவிடுபவர்கள்தான் விசாரிக்கப்பட வேண்டியவர்கள்.

தாத்தாவின் பை: இல்லாதது என்று மேலே சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேட்ட விவரம் ஓர் ஆப்ஜெக்டில் இல்லையென்றால் மொழி உடனே கைவிரிப்பதில்லை. பேரனின் பையில் இல்லாத சில்லறையை அப்பாவின் பையிலும், அங்கும் இல்லையென்றால் தாத்தாவின் பையிலும் துழாவுவதுபோல, ‘புரோட்டோடைப்’ என்ற மூதாதை வரிசையில் ஒவ்வொன்றாக மேலே ஏறித் தேடும். உச்சிவரை போய்க் கிடைக்காவிட்டால்தான் ‘அன்டிஃபைன்ட்’. டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1980-களில் உருவாக்கிய ‘செல்ஃப்’ மொழியிலிருந்து ஐக் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது.

இதனால் நேரும் விபத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் பயிற்சி, நிரல் எழுதப் பழகும் எல்லோரும் செய்வது. காலியான ஓர் ஆப்ஜெக்ட். சொல் வரும்போதெல்லாம் ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே எண்ணிக்கை உண்டா’ என்று கேட்டு, இல்லையென்றால் சுழியம் என்று வைத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆயிரம் கட்டுரைகளுக்கு ஒழுங்காக ஓடும். கட்டுமானத்துறை பற்றிய கட்டுரை ஒன்றில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல் வந்தால் கணக்கு குழம்பிவிடும். காலி என்று நினைத்த ஆப்ஜெக்ட், அந்தப் பெயரில் தன் மூதாதையிடமிருந்து ஒரு செயல்கூற்றை, அதாவது ஃபங்ஷனை, எடுத்துக் கொடுத்துவிடும். செயல்கூற்றோடு ஒன்றைக் கூட்டினால் எண் வராது. ஒரு நீளமான எழுத்துக் குப்பை வரும்.

சாதாரணச் சொற்களை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று சொல்ல வேண்டிய ஆப்ஜெக்டிடம் வேண்டுமென்றே வம்பான பெயரைக் கேட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மொழியைச் சோதிக்கும் மொழி: வியப்பு என்னவென்றால், அப்படி வம்பாகக் கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு பெரிய திட்டம் இந்த மொழிக்கே இருக்கிறது. எக்மா இன்டர்நேஷனல் என்ற தர அமைப்பு 1997 ஜூனில் ஜாவாஸ்கிரிப்டின் தர ஆவணத்தை முதன்முறையாக வெளியிட்டது. அதன் எண் இசிஎம்ஏ-262. ஆவணத்தில் எழுதியிருப்பதுபோலத்தான் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் நடந்துகொள்கின்றனவா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்புக்கு ‘டெஸ்ட்262’ என்று பெயர். கூகுள் 2009-இல் வெளியிட்ட ‘ஸ்புட்னிக்’ தொகுப்பின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளும், மைக்ரோசாஃப்ட் கொடுத்த சோதனைகளும் அதன் அடித்தளம். இன்று அதில் பல்லாயிரம் ஃபைல்கள் இருக்கின்றன. மொழியில் புதிய வசதி ஒன்று சேர வேண்டுமென்றால், மொழியைப் பராமரிக்கும் டிசி39 குழுவின் விதிப்படி, அதற்கான சோதனைகள் இந்தத் தொகுப்பில் ஏறியிருக்க வேண்டும். பிரவுசருக்குள் இந்த மொழியை இயக்கும் ‘இன்ஜின்’களில் குறைந்தது இரண்டாவது அவற்றில் தேறியிருக்க வேண்டும்.

புள்ளி வைத்து விவரம் கேட்கும் அந்த ஒரு செயலுக்கே அங்கே தனி ஃபோல்டர் இருக்கிறது. புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால் வேலை செய்கிறதா? வரி உடைத்து எழுதினால்? புள்ளி வைத்துக் கேட்பதும் சதுர அடைப்புக்குள் பெயரை எழுதிக் கேட்பதும் ஒரே பதிலைத் தருகின்றனவா? ஆப்ஜெக்டே அல்லாத ஒன்றிடம், அதாவது எண்ணிடம், சொற்றொடரிடம், ‘ஆம்-இல்லை’ மதிப்பிடம் கேட்டால் என்ன நடக்கிறது? ‘அன்டிஃபைன்ட்’டிடமே கேட்டால்? ‘நல்’ என்ற வெறுமையிடம் கேட்டால்?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில், பிழை. ‘டைப்எரர்’ என்ற வகைப் பிழை வந்தே ஆக வேண்டும். பிழை வராமல் நிரல் ஒழுங்காக ஓடி முடிந்தால் சோதனை தோல்வி. வேறு வகைப் பிழை வந்தாலும் தோல்வி. வெறுமையிடம் கேட்கும்போது அடைப்புக்குள் ஒரு செயல்கூற்று இருந்தால், அது முதலில் ஓட வேண்டும், பிறகுதான் பிழை வர வேண்டும் என்று வரிசைக்கும்கூட விதி இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும், வேறு மாதிரி குறிப்பிடாவிட்டால், கண்டிப்பான ‘ஸ்டிரிக்ட்’ முறையில் ஒரு தடவையும் சாதாரண முறையில் ஒரு தடவையும் ஓட்டப்படுகிறது.

இன்னொரு சோதனைக் கருவி இதைவிடச் சுவையானது. ஒவ்வொரு பிராபர்ட்டிக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: அதை மாற்றி எழுதலாமா, பட்டியல் போடும்போது கண்ணில் படுமா, அழிக்கலாமா. இன்ஜினைக் கேட்டால் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடும். டெஸ்ட்262 அந்தப் பதிலோடு நிறுத்துவதில்லை. எழுதலாம் என்று இன்ஜின் சொன்னால் எழுதிப் பார்க்கிறது. பட்டியலில் படும் என்றால் பட்டியல் போட்டுப் பார்க்கிறது. அழிக்கலாம் என்றால் அழித்தே பார்க்கிறது. வாக்குமூலத்தை நம்பாமல் நேரில் போய்ப் பார்க்கும் புலனாய்வு அதிகாரியின் புத்தி அதற்கு.

ஒரு பிராபர்ட்டி, ஒரு கலவரம்: பட்டியலில் படுமா படாதா என்பதெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டிய விஷயமா என்று தோன்றலாம். 2018 மார்ச்சில் நடந்தது பதில் சொல்லும். பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கியிருப்பதைத் தட்டையாக்கும் ‘ஃபிளாட்டன்’ என்ற புதிய வசதியை டிசி39 திட்டமிட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பான நைட்லியில் அதைச் சேர்த்ததும், பிரபலமான இணையதளம் ஒன்று உடைந்தது.

காரணம், ‘மூடூல்ஸ்’ என்ற பழைய நிரல் தொகுப்பு. அது தானாகவே ‘ஃபிளாட்டன்’ என்ற பெயரில் ஒரு வசதியை மொழியின் பட்டியல்களோடு ஒட்டிவைக்கும். பிறகு பட்டியல்களுக்குரிய வசதிகளையெல்லாம் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தின் உறுப்புகளுக்கான தன் சொந்த ஆப்ஜெக்டில் ஒரு பிரதி எடுத்து வைக்கும். அந்தப் பெயரில் மொழியில் எதுவும் இல்லாதவரை, மூடூல்ஸ் புதிதாகச் சேர்த்த பிராபர்ட்டி பட்டியலில் பட்டது, பிரதியும் ஏறியது. மொழியே ‘ஃபிளாட்டன்’ கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. மொழியின் சொந்த வசதிகள் பட்டியலில் படாதபடி மறைக்கப்பட்டவை. மூடூல்ஸ் அதன்மேல் தன்னுடையதை எழுதியது. மதிப்பு மாறியது, ஆனால் ‘பட்டியலில் படாது’ என்ற அனுமதி பழையபடியே நின்றது. எனவே வரிசையாகக் கூப்பிட்டபோது அந்தப் பெயர் வரவில்லை, பிரதி ஏறவில்லை, அதை நம்பியிருந்த தளம் விழுந்தது.

ஏற்கெனவே இருக்கும் பிராபர்ட்டிக்குப் புது மதிப்பு எழுதினால் அதன் அனுமதிகள் மாறாது என்ற ஒற்றை வரி விதிதான் இதற்கெல்லாம் மூலம். பெயரை ‘ஸ்மூஷ்’ என்று மாற்றலாமே என்று குழுவில் ஒருவர் வேடிக்கையாக முன்மொழியப் போக, இணையம் முழுக்கச் சண்டை கிளம்பியது. பழைய தளங்கள் உடைந்தால் உடையட்டும் என்றார்கள் ஒரு சாரார். 2018 மே மாதத்தில் குழு ‘ஃபிளாட்’ என்று பெயரைச் சுருக்கி விவகாரத்தை முடித்தது. இதே மூடூல்ஸோடு மோதியதால்தான் 2014-இல் ‘கன்டெய்ன்ஸ்’ என்று வரவிருந்த வசதி ‘இன்க்ளூட்ஸ்’ ஆயிற்று.

குழு எடுத்த முடிவு சரியானதே. யாரும் பராமரிக்காத, எழுதியவரே மறந்துபோன எத்தனையோ தளங்கள் இன்னும் மக்களுக்குப் பயன்படுகின்றன. ஆகவே இல்லாததற்கு ‘அன்டிஃபைன்ட்’ என்று பதில் சொல்லும் பழக்கமும் இனி மாறப்போவதில்லை. மாறும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

பிஎச்பி மாறியதே என்று கேட்கலாம். உண்மைதான். இல்லாத பிராபர்ட்டியைக் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த மொழி, 2020-இல் வந்த 8.0 பதிப்பில் எச்சரிக்கையாகக் குரலை உயர்த்தியது. 2022-இல் வந்த 8.2 பதிப்பில், முன்னறிவிப்பில்லாத புதுப் பெயர்களை ஆப்ஜெக்டில் ஒட்டவைக்கும் பழக்கத்தையும் கைவிடச் சொன்னது. ஆனால் பிஎச்பி ஓடுவது தளத்தின் உரிமையாளருடைய சர்வரில். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்யலாம். ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓடுவது பார்வையாளரின் போனில். அங்கே பிரவுசர் தன்னிஷ்டப்படி அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

திருட்டு வழி: இதுவரை சொன்னவை விபத்துகள். அதே மூதாதை வரிசையை வேண்டுமென்றே நஞ்சாக்கும் தாக்குதலும் உண்டு. ‘புரோட்டோடைப் பொல்யூஷன்’ என்பது அதன் பெயர். ஒலிவியே ஆர்ட்டோ என்ற ஆய்வாளர் 2018-இல் கனடாவின் நார்த்செக் மாநாட்டில் இதை விரிவாக விளக்கினார்.

வித்தை எளிது. பயனர் அனுப்பும் விவரங்களைத் தளத்தில் ஏற்கெனவே உள்ள ஆப்ஜெக்டோடு கலக்கும் நிரல் எல்லா இடத்திலும் இருக்கும். பெயர், ஊர் என்று அனுப்ப வேண்டிய இடத்தில் ஒருவர், முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட ‘புரோட்டோ’ என்ற பெயரை அனுப்புகிறார். அந்தப் பெயர் மூதாதைக்கே போகும் வாசல். கலக்கும் நிரல் அதையும் ஒரு சாதாரண விவரமாக நினைத்து உள்ளே நுழைந்து, ‘நிர்வாகி: ஆம்’ என்று எழுதிவிட்டு வருகிறது. அந்த நொடியிலிருந்து தளத்தில் உள்ள எந்த ஆப்ஜெக்டைக் கேட்டாலும், தன்னிடம் அந்த விவரம் இல்லாதபோது மூதாதையைப் பார்த்து ‘ஆம், நிர்வாகிதான்’ என்று சொல்லும்.

2019-இல் இந்தக் குறை ஜேகுவரி, லோடாஷ் என்ற இரண்டு பெரிய தொகுப்புகளிலும் அடைக்கப்பட்டது. இரண்டுமே உலகின் கணக்கற்ற தளங்களில் பயன்படுபவை. அதே ஆண்டு ‘கிபானா’ என்ற தகவல் காட்சி மென்பொருளில், இந்த வழியாக நுழைந்து சர்வரிலேயே விரும்பிய கட்டளையை ஓட்ட முடியும் என்று காட்டப்பட்டது. விதிப்படி பார்த்தால் மொழி தவறேதும் செய்யவில்லை. டெஸ்ட்262-இன் அத்தனை சோதனைகளிலும் தேறிய இன்ஜினில்தான் இதுவும் நடக்கும். மொழியின் சோதனை, மொழி சரியா என்று மட்டும்தான் பார்க்கும். அதை வைத்துக் கட்டிய தளம் சரியா என்று பார்ப்பது கட்டியவர் பொறுப்பு.

இன்ஜின் எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஒவ்வொரு முறையும் மூதாதை வரிசையில் ஏறித் தேடினால் பக்கம் ஊர்ந்துதான் நகரும். எனவே 2008-இல் குரோமோடு வந்த வி8 இன்ஜின், ஒரே அமைப்புள்ள ஆப்ஜெக்டுகளை ஒரே வகையாகக் குறித்துவைத்து, ‘போன முறை இந்த விவரம் இந்த இடத்தில் கிடைத்தது’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும் உத்தியைக் கையாண்டது. வேர் அதே செல்ஃப் மொழியின் ஆய்வுகளில் இருக்கிறது. நினைவு பிசகி, ஒரு வகையை இன்னொரு வகையாக எடுத்துக்கொண்டால் அது ஹேக்கருக்குத் திறந்த கதவு. அதனால்தான் மனிதருக்குத் தோன்றாத கோணல் நிரல்களை இயந்திரமே எழுதி எழுதி இன்ஜினின்மேல் எறியும் ‘ஃபஸ்ஸிங்’ சோதனைகள் வந்தன. மொசில்லா 2007-இல் வெளியிட்ட ஜேஎஸ்ஃபன்ஃபஸ், கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவிலிருந்து வந்த ஃபஸ்ஸில்லி ஆகியவை அந்த வகை.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு: பிராபர்ட்டியின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்டில் கட்டாயமில்லை. ‘கோவை’, ‘மதுரை’ என்று தமிழிலேயே வைக்கலாம். புள்ளி வைத்துக் கேட்கலாம். மாவட்டவாரியாக விவரம் காட்டும் பக்கங்கள், அகராதிகள், தேர்வு முடிவுகள், தமிழ்ப் பாடல் திரட்டுகள் எல்லாவற்றிலும் தமிழ்ச் சொல்லே சாவியாக இருப்பது இயல்பு. சிக்கல் அங்கேதான்.

‘கோவை’ என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு தரமும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் பிராபர்ட்டியின் பெயரை ஒப்பிடும்போது இந்தச் சமன்பாட்டைப் பார்ப்பதில்லை. குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும். முதல் ‘கோவை’யின் நீளம் 4, இரண்டாவதன் நீளம் 5. ஒன்றின் பெயரில் சேமித்துவைத்து மற்றதன் பெயரில் கேட்டால், வழக்கம்போல ‘அன்டிஃபைன்ட்’.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை, கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமித்துவைக்கும். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிப் பழகியவர்களின் ஆவணங்களிலும் பிரிந்த வடிவம் வரும். இதைச் சரிசெய்ய 2015 பதிப்பிலேயே மொழியில் ‘நார்மலைஸ்’ என்ற வசதி வந்துவிட்டது. சேமிக்கும்போது ஒரு முறை, தேடும்போது ஒரு முறை அதைக் கூப்பிட்டால் போதும். இரண்டு கோவையும் ஒன்றாகிவிடும்.

ஆனால் நார்மலைஸ் தீர்க்காத தமிழ்ச் சிக்கலும் இருக்கிறது. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடு எழுதாமல், ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டுபவர்கள் ஏராளம். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று தட்டுபவர்கள் அதைவிட அதிகம். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு கணக்கில் ளகரம் ஒரு முழு எழுத்து. எனவே எந்தத் தரமும் இவற்றைச் சமம் என்று சொல்லாது. ஒரு மாணவியின் பெயர் சான்றிதழில் ஒரு விதமாகவும் விண்ணப்பத்தில் இன்னொரு விதமாகவும் தட்டப்பட்டிருந்தால், தளம் அவரைத் தெரியாது என்றே சொல்லும். இதற்குத் தமிழ் தெரிந்தவர் சோதனை எழுத வேண்டும். வேறு யாருக்கும் இது தோன்றாது.

இன்னொரு சங்கதி, எண்களால் ஆன பெயர்கள். கோவையின் 641001 என்ற பின்கோடை முதலிலும் சென்னையின் 600001-ஐ அடுத்தும் ஓர் ஆப்ஜெக்டில் போட்டு, திரும்பப் பட்டியல் கேட்டால் சென்னைதான் முதலில் வரும். முழு எண் வடிவப் பெயர்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, மற்றவற்றைச் சேர்த்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. தரவரிசைப்படி பதிவெண்களை அடுக்கி வைத்தவர், வரிசை தானாக மாறியதைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொள்வார். வரிசை முக்கியமென்றால் 2015-இல் வந்த ‘மேப்’ என்ற வேறு வகைக் கட்டைப் பயன்படுத்த வேண்டும், அது போட்ட வரிசையைக் காப்பாற்றும், மூதாதையிடம் போயும் துழாவாது.

சோதிப்பது எதை?: மைக்ரோசாஃப்ட் 2012-இல் அறிமுகம் செய்த டைப்ஸ்கிரிப்ட் இருக்க இவ்வளவு கவலை எதற்கு என்று நிறுவனங்களில் கேட்பார்கள். டைப்ஸ்கிரிப்ட் நல்ல காவல்தான். எழுத்துப்பிழையான பிராபர்ட்டியை எழுதும்போதே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும். ஆனால் அதன் வகைக் குறிப்புகள் எல்லாம் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே உதிர்ந்துவிடும். சர்வரிலிருந்து வந்த தகவலில் உண்மையிலேயே ‘ஊர்’ இருக்கிறதா என்று ஓடும் நேரத்தில் அது பார்ப்பதில்லை. இருக்கும் என்று நிரலாளர் கொடுத்த வாக்கை நம்பிக்கொள்ளும்.

2020 பதிப்பில் வந்த கேள்விக்குறிப் புள்ளியும் முழுக் காவல் அல்ல. புள்ளிக்கு முன் ஒரு கேள்விக்குறி வைத்தால், முந்தையது வெறுமையாக இருந்தாலும் பிழை வெடிக்காது. ‘அன்டிஃபைன்ட்’ என்று அமைதியாகத் திரும்பிவிடும். இடமறிந்து வைத்தால் அருமையான வசதி. பிழைச் செய்தி வந்த இடத்திலெல்லாம் கேள்விக்குறியைத் தெளித்துவிட்டு ‘பக் தீர்ந்தது’ என்று டிக்கெட்டை மூடும் வழக்கம் பரவியிருப்பதுதான் கவலை தருகிறது. அப்போது பக் தீரவில்லை. அலறலை மட்டும் அடக்கியிருக்கிறார்கள். உறைந்து நின்ற பக்கம், இனி தவறான தொகையோடு தொடர்ந்து ஓடும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் உறைவதே மேல்.

மென்பொருள் அலுவலகங்களில் சோதனை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சரியான விவரத்தைக் கொடுத்துச் சரியான பதில் வருகிறதா என்று பார்ப்பது. ‘ஹேப்பி பாத்’ என்று அதற்கு அங்கே பெயர். காலக்கெடு நெருக்கும்போது அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டெஸ்ட்262 எழுதியவர்கள் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை என்பதால்தான், குரோமில் ஓடுவது சஃபாரியிலும் ஓடுகிறது. அவர்கள் மொழிக்குச் செய்ததைத் தளம் கட்டுபவர்கள் தங்கள் தளத்துக்குச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவையும் அல்ல. விவரக் கட்டிலிருந்து ஒவ்வொரு பிராபர்ட்டியாக நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இருக்கிறது, ஆனால் வெறுமை என்ற நிலையையும், அறவே இல்லை என்ற நிலையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ‘கன்ஸ்ட்ரக்டர்’, அடிக்கோடிட்ட ‘புரோட்டோ’ ஆகிய பெயர்களைப் பயனர் அனுப்புவதாக வைத்து ஒரு சோதனை எழுத வேண்டும். சொந்தப் பிராபர்ட்டிதானா என்று கேட்க 2022 பதிப்பில் ‘ஹேஸ்ஓன்’ வந்துவிட்டது. அதைப் பழக்கமாக்க வேண்டும். தமிழில் பெயர் வாங்கும் தளமென்றால் இரண்டு ‘கோவை’யும் இரண்டு ‘கௌரி’யும் சோதனை விவரங்களில் இருக்க வேண்டும்.

அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் மென்பொருள் ஒப்பந்தம் போடும்போது, விவரம் விடுபட்ட பதிவுகளையும் தமிழ்ப் பெயர்களின் மாற்று வடிவங்களையும் கொண்டு சோதித்த அறிக்கை இல்லாமல் தளத்தை ஏற்கக் கூடாது. கணினி அறிவியல் துறைகள் தங்கள் ஆய்வகத்தில் டெஸ்ட்262-இன் ஒரு ஃபோல்டரையாவது மாணவர்களைப் படிக்க வைக்கலாம். அது கட்டணமில்லாத திறந்த மூலத் திட்டம். விடுபட்ட சோதனை கண்ணில் பட்டால் எழுதி அனுப்ப எந்தக் கல்லூரி மாணவருக்கும் வழி இருக்கிறது.